ராயக்கோட்டைச் சாலையில் ஒரு தியான இல்லம்: வார இறுதி அமைதித் தியானம் பற்றிய மதிப்பீடு

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை செல்லும் வழியில், பிரதான சாலையைவிட்டு மாந்தோப்புகளுக்குள் திரும்பும் மண்பாதையின் முடிவில், அருட்சகோதரிகள் சிலர் நடத்திவரும் தியான இல்லம் ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட சில வார இறுதிகளில், வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு மதிய உணவோடு முடியும், பேசாமல் மௌனமாக இருக்கும் அமைதித் தியானத்தை இங்கே நடத்துகிறார்கள். இல்லத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அறைகள் மிகக் குறைவு என்பதால் இணையத்தில் பெயர் பரவிக் கூட்டம் சேர வேண்டாம் என்று பொறுப்பிலுள்ள சகோதரி கேட்டுக்கொண்டார். விளம்பரம் வேண்டாம் என்று சொல்லும் ஒரு சேவையை மதிப்பிட நேர்வது அபூர்வம். உண்மையாகவே தேவைப்படுவோர் அருகிலுள்ள கத்தோலிக்கப் பங்குத்தந்தையிடம் விசாரிக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களும் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தர்மபுரி மறைமாவட்டத்திற்குள் வருவதால், ஓசூரில் கேட்டாலும் பாலக்கோட்டில் கேட்டாலும் வழி தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

நான் கத்தோலிக்கன் அல்லன். அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் மிஷனைச் சேர்ந்த தியோடர் நேத்தர் 1895-இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய பணியின் வழிவந்த சபையில் வளர்ந்தவன். எங்களுக்கு ஞாயிறு என்பது வாரத்திலேயே அதிகம் ஓடும் நாள். ஆராதனைக்கு முன்பு பாடகர் குழுப் பயிற்சி, ஆராதனை முடிந்தால் ஞாயிறு பள்ளி, அதன் பின் சபைக் கமிட்டி, மாலையில் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம், அதற்குப் போகாவிட்டால் மறுநாள் ஏன் வரவில்லை என்ற விசாரிப்பு. வாரநாட்களிலோ விடியுமுன் ஓசூர் சிப்காட்டுக்குப் புறப்படும் கம்பெனிப் பேருந்து, வீடு திரும்பிய பிறகும் உற்பத்திக் கணக்கைக் கேட்டுக்கொண்டே இருக்கும் வாட்ஸ்அப் குழு, பிள்ளைகளின் டியூஷன், மாதத் தவணை. மத்தேயு 11-ஆம் அதிகாரத்தில் ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே’ என்று அழைத்து இளைப்பாறுதல் தருவதாக இயேசு சொல்லும் வசனம் ஏறக்குறைய எங்கள் எல்லார் வீட்டுச் சுவரிலும் காலண்டராகத் தொங்குகிறது. அதன் கீழே நின்றுகொண்டுதான் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டபடி காப்பியைக் குடிக்கிறோம். விசுவாசம் களைப்பைத் தீர்ப்பதற்குப் பதிலாக அதுவே இன்னொரு பொறுப்புப் பட்டியலாகிவிட்டதே என்ற மனக்குறை உள்ளவர்களை மனத்தில் வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

இப்பகுதிக்கு இத்தகைய இடங்கள் புதியவை அல்ல. பக்கத்துத் திருப்பத்தூரில் 1921-இலேயே ஜேசுதாசன், பேட்டன் என்ற இரு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஊரார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு இன்று தியானம் என்றால் பந்தலும் ஒலிபெருக்கியும் பல ஆயிரம் பேரும் கூடும் நற்செய்திக் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. அவற்றால் பயன் பெற்றவர்களை எனக்குத் தெரியும். அங்கே கிடைப்பது ஊக்கம். இந்த இல்லத்தில் தருவது அதிலிருந்து முற்றிலும் வேறானது.

போய்ச் சேர்ந்ததும் அலுவலகத்தில் ஒரு துணிப்பை கொடுப்பார்கள். கைப்பேசியை அணைத்து அதில் போட்டு, பெயர் எழுதி, பூட்டும் அலமாரியில் வைத்துவிட வேண்டும். அவசரத்திற்கு வீட்டார் அழைக்க இல்லத்தின் தரைவழித் தொலைபேசி எண்ணை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள் என்பதால், வயதான பெற்றோரை விட்டுவிட்டு வருவோர் கூட அஞ்ச வேண்டியதில்லை. கைப்பேசியைக் கொடுப்பது கட்டாயம் அல்ல என்று சொன்னாலும், அந்தச் சகோதரி பையை நீட்டியபடியே நிற்கும் விதத்தில் மறுக்க மனம் வருவதில்லை. வெள்ளி இரவு நிகழ்ச்சி என்று எதுவும் கிடையாது. சாப்பாடு, அரைமணி நேர அறிமுகம், அதன் பிறகு தூங்கப் போகச் சொல்லிவிடுகிறார்கள். சனிக்கிழமைக் காலை ஜெபத்திற்கு மணி அடித்தாலும், எழ முடியாதவர்கள் தூங்கலாம் என்றும், யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள் என்றும் முதலிலேயே அறிவித்துவிடுகிறார்கள்.

இந்த அறிவிப்புக்கு அவர்கள் காட்டும் ஆதாரம் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். அரசி யேசபேலுக்குப் பயந்து ஓடிய தீர்க்கதரிசி எலியா, சாகவேண்டும் என்று கேட்டுவிட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்துத் தூங்குகிறான். தேவதூதன் வந்து அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுக்கிறான். எலியா சாப்பிட்டு மறுபடியும் தூங்குகிறான். இரண்டாம் முறையும் சாப்பாடுதான். ஓரேப் மலையும், மெல்லிய சத்தமும், அடுத்த பணியும் அதற்குப் பிறகே வருகின்றன. களைத்தவனுக்கு முதலில் தூக்கம், பிறகு உணவு, கடைசியாகவே பேச்சு என்ற இந்த வரிசையை இல்லம் அப்படியே பின்பற்றுகிறது என்பதுதான் நான் இங்கே கண்ட முதற்சிறப்பு. சபை முகாம்களில் வந்தவுடன் பதாகையின் கீழ் உட்காரவைத்து இரவு பத்து மணிவரை பிரசங்கம் கேட்கவைக்கும் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். லுத்தரன்களுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்கக்கூடாது என்பது வேறு விஷயம். மார்ட்டின் லுத்தர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில், இரவு ஜெபத்தை முடித்தவுடன் சந்தோஷமாய் உடனே தூங்கப் போகும்படி எழுதியிருக்கிறார். திடப்படுத்தலுக்காக (விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் சபைச் சடங்குக்காக) அதை மனப்பாடம் செய்த நாங்கள், அந்த ஒரு வரியை மட்டும் கடைப்பிடிப்பதில்லை.

சனிக்கிழமை முற்பகல்தான் இந்தத் தியானத்தின் உயிர்ப்பகுதி. மாற்கு 6-ஆம் அதிகாரத்திலிருந்து ஐந்து வசனங்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. அதே பகுதி இடைவெளி விட்டு விட்டு, ஒவ்வொரு முறையும் வேறு குரலில், நிதானமாக வாசிக்கப்பட்டது. வாசித்தல், அசைபோடுதல், ஜெபித்தல், பேசாமல் இருத்தல் என்ற இந்த நான்கு படிகளைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசியர் என்ற துறவற சபையைச் சேர்ந்த குய்கோ என்ற துறவி ஒழுங்குபடுத்தி எழுதினார். வாசிப்புகளுக்கிடையே தோப்பில் நடக்கலாம், சிற்றாலயத்தில் உட்காரலாம், அறையில் படுக்கலாம். குறிப்பேடு எடுத்துவந்தவர்களிடம், எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்று சகோதரி சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எதையாவது எழுதி முடித்தால்தான் நேரம் வீணாகவில்லை என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது.

அந்த ஐந்து வசனங்களில் நடப்பது என்ன என்பதை நான் அதுவரை கவனித்ததில்லை. ஊழியத்திற்கு அனுப்பப்பட்ட சீடர்கள் திரும்பி வந்து, தாங்கள் செய்தவற்றையெல்லாம் அறிவிக்கிறார்கள். வருகிறவர்களும் போகிறவர்களும் அதிகமாக இருந்ததால் சாப்பிடக்கூட அவர்களுக்கு நேரமில்லை. தனிமையான ஓரிடத்திற்குப் போய்ச் சற்றே இளைப்பாறலாம் வாருங்கள் என்று இயேசு அழைக்க, படகேறிப் போகிறார்கள். ஆனால் ஜனங்கள் அவர்களைக் கண்டுகொண்டு, கால்நடையாகவே முந்தி ஓடி, அக்கரையில் காத்துநிற்கிறார்கள். ஆக, திட்டமிட்ட ஓய்வு கைகூடவில்லை. ஜனங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு ஓய்வெடுக்க இயேசு துணியவில்லை. மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல் இருந்தபடியால் அவர்கள்மேல் மனதுருகிப் போதிக்கத் தொடங்குகிறார். சீடர்களுக்குக் கிடைத்தது படகில் கழிந்த நேரம் மட்டுமே என்றும், அந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள் என்றும் சொல்லிவிட்டுச் சகோதரி எழுந்து போய்விட்டார். விளக்கவுரை இல்லை. கம்பெனிப் பேருந்தில் ஓசூருக்குப் போகும் பயணத்தை நாள்தோறும் கைப்பேசியில் கழிக்கும் ஒருவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவும் இல்லை.

இத்தனை நன்றாகச் சென்றதைச் சனிக்கிழமைப் பிற்பகல் பெருமளவு கெடுத்தது. வெளியூரிலிருந்து அழைக்கப்பட்டிருந்த குருவோ துறவியோ அல்லாத, பொதுநிலையினரான பயிற்றுநர் ஒருவர், புரொஜக்டரும் மடிக்கணினியுமாக வந்து, நேர மேலாண்மை பற்றி நீண்ட உரை நிகழ்த்தினார். அவசரமானவை, முக்கியமானவை என்று நான்கு கட்டங்கள். அதிகாலையில் எழுபவர்கள் சாதிக்கும் கதைகள். ஞாயிறு நன்றாக ஓய்வெடுத்தால் திங்கட்கிழமை இரண்டு மடங்கு வேலை செய்யலாம் என்ற முடிவுரை. இதைக் கேட்க எங்கள் மனிதவளத் துறையே போதும். அவர்கள் டீயும் சமோசாவும் தந்து இதையே சொல்கிறார்கள். தொனி மட்டும் அல்ல, உரையின் அடிப்படையே தவறு என்று கருதுகிறேன். ஆதியாகமத்தின் கணக்கின்படி மனிதன் ஆறாம் நாளில் படைக்கப்படுகிறான். அப்படியானால் அவன் கண்விழித்துக் காணும் முதல் முழுநாள் ஓய்வுநாள். அவன் அதுவரை ஒரு வேலையும் செய்திருக்கவில்லை. எதையும் சம்பாதித்து அந்த நாளை அவன் பெறவில்லை. வேலைக்கான கூலியாகவும் அடுத்த வேலைக்கான எரிபொருளாகவும் மட்டுமே ஓய்வைப் பார்க்கும் எண்ணத்திலிருந்து விடுபடத்தான் ஒருவர் இங்கே வருகிறார். அதே எண்ணத்தை ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடித்தால் அது ஆன்மிகமாகிவிடாது. கருத்துத் தாளில் இதை எழுதிக் கொடுத்தேன். இந்த அமர்வை எடுத்துவிட்டு அந்த நேரத்தைச் சும்மா விட்டுவிடலாம்.

சமையற்கூடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இல்லத்தைப் பற்றிய என் இறுதி அபிப்பிராயத்தைத் தீர்மானித்தது அதுதான். உணவு இந்த மண்ணின் உணவு. மதியம் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், இரவில் சாமைக் கஞ்சியும் நிலக்கடலைத் துவையலும். களி வேண்டாதவர்களுக்குச் சோறும் உண்டு. ஓய்வு இல்லம், ரிசார்ட் என்ற பெயரில் நெடுஞ்சாலை ஓரங்களில் முளைத்திருக்கும் இடங்களில் கிடைக்கும் பல வகை விருந்துக்குப் பழகியவர்கள் ஏமாற்றமடையலாம். நான் கவனித்தது வேறொன்றை. ஒருவர் ஓய்வெடுக்கும் இடத்தில் பெரும்பாலும் வேறொருவர் இருமடங்கு உழைத்துக்கொண்டிருப்பார். நம் வீடுகளிலேயே ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு வெங்காயம் உரிப்பவர் யார், ஆராதனைக்குத் தாமதமாக வந்து கடைசி பெஞ்சில் உட்காருபவர் யார் என்று பார்த்தால் தெரியும். ஓய்வுநாள் கட்டளை இந்தக் கேள்வியை ஒதுக்கிவிடவில்லை. யாத்திராகமம் 20-இல் படைப்பைக் காரணமாகச் சொல்லும் அதே கட்டளை, உபாகமம் 5-இல் வரும்போது எகிப்தின் அடிமைத்தனத்தைக் காரணமாகச் சொல்கிறது: நீ அடிமையாயிருந்ததை நினைவில் வை, ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். மாடும் கழுதையும் கூட அந்தப் பட்டியலில் உண்டு. அந்தக் கட்டளையை அளவுகோலாகக் கொண்டால், ஒரு தியான இல்லத்தின் சிற்றாலயத்தை மட்டும் பார்த்து அதை மதிப்பிட முடியாது.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு (விருந்தினர் அனைவரும் தங்கள் தட்டைத் தாங்களே கழுவ வேண்டும், பெரிய பாத்திரங்களைத் தேய்க்கவும் முறைவைத்து ஆட்கள் குறிக்கப்படுகிறார்கள்) அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் பேச்சுக்கொடுத்தேன். சமையற்கூடத்தில் மட்டும் பேசத் தடையில்லை.

“உங்களுக்கு லீவு எப்போ அக்கா?”

“ஞாயித்துக்கிழம மத்தியானம் சாப்பாடு எடுத்து வச்சிட்டுக் கிளம்பினா செவ்வாக்கிழம காத்தாலதான் வருவேன் தம்பி. அதுவரைக்கும் சிஸ்டருங்களே எதையாவது பொங்கித் தின்னுக்குவாங்க.”

“சம்பளத்துல பிடிப்பாங்களா?”

“அதெல்லாம் இல்ல. மாங்கூழு ஃபேக்டரில சீசனுக்குப் போவேன், அங்கதான் ஞாயிறும் கிடையாது, ராத்திரியும் கிடையாது.”

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாம்பழக் கூழ் ஆலைகள் கோடையின் சில வாரங்களுக்குள் தோத்தாபுரியையும் அல்போன்சாவையும் அரைத்து முடித்தாக வேண்டும்; பழம் காத்திருக்காது என்பதால் ஆட்களும் நிறுத்தாமல் ஓட வேண்டியிருக்கிறது. ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தைக்கு விடியுமுன் கூடை ஏற்றும் குடும்பங்களின் நிலையும் அதுதான். இவர்களை விலக்கிவிட்டு ஓய்வைப் பற்றிப் பேசுவது எளிது. வாரத்தில் இரு இரவும் ஒரு முழுப் பகலும் சம்பளத்தோடு அடுப்பை அணைத்துவைக்கும் ஓர் இடம், தான் போதிப்பதைத் தன் வேலையாட்களிடமிருந்தே தொடங்கியிருக்கிறது என்று ஏற்றுக்கொள்ளலாம். அந்த அக்கா கத்தோலிக்கரோ கிறிஸ்தவரோ அல்லர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்; கட்டளையில் ‘உன் வாசல்களில் இருக்கிற அந்நியன்’ என்றும் இருக்கிறது.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அறைகள் சுத்தம், கட்டில் கடினம், வெந்நீர் காலையில் மட்டும், அதுவும் விறகு கொதிகலனிலிருந்து வாளியில் எடுத்துவர வேண்டும். கொசுவலை இருக்கிறது, ஆனால் எங்கள் அறையில் இருந்த வலை கிழிந்திருந்தது. சிற்றாலயத்திற்கு ஏறும் படிகளில் கைப்பிடி இல்லாததால் முழங்கால் வலி உள்ள முதியவர்கள் சிரமப்பட்டார்கள். இது உடனே சரிசெய்யப்பட வேண்டிய குறை. இரவில் சேலம்-பெங்களூரு பாதையில் செல்லும் ரயிலின் ஊதல் தெளிவாகக் கேட்கும். லேசான தூக்கக்காரர்களுக்கு அது தொந்தரவாகலாம். மாலைக்குப் பிறகு நகரப் பேருந்து கிடைப்பது கடினம், பிரதான சாலையிலிருந்து உள்ளே வர ஆட்டோவும் கிடைக்காது. ஆகவே வெள்ளிக்கிழமை இருட்டுமுன் போய்ச் சேர்வது நல்லது. கட்டணம் என்று எதுவும் இல்லை. கடைசி நாளில் ஓர் உறை தருகிறார்கள். ஒருவருக்கு ஆகும் செலவு எவ்வளவு என்பது அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்தருகே ஒரு நடுத்தர விடுதியில் ஓர் இரவு தங்குவதைவிட அது குறைவு. அந்தத் தொகையையும் தர இயலாதவர்கள் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் இல்லை.

புராட்டஸ்தாந்துச் சபையினர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஞாயிறு காலைத் திருப்பலியில் கலந்துகொள்ளலாம். ஆனால் பிற சபையினருக்கு நற்கருணை வழங்குவதில்லை. அதை முதல்நாளே மென்மையாகச் சொல்லிவிடுகிறார்கள் என்பதால் வரிசையில் போய்த் தர்மசங்கடப்பட நேராது. மாலையில் ஜெபமாலை உண்டு, விருப்பமில்லாதவர்கள் வராமல் இருக்கலாம். மரியாள் பக்தி நமக்குப் பழக்கமில்லாதது என்று தயங்குவோருக்கு நான் சொல்லக்கூடியது, என்னை எவரும் எதற்கும் வற்புறுத்தவில்லை என்பதே. இரவில் நடக்கும் ஆன்மப் பரிசோதனை எல்லாச் சபையினருக்கும் ஏற்றது. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் வகுத்த தியான முறையின் ஒரு பகுதியான இது கால் மணி நேரத்திற்குள் முடிந்துவிடும்: அன்றைய நாளை மணி மணியாகப் பின்னோக்கிப் பார்த்து, எதற்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது, எங்கே மனம் இறுகிப்போயிற்று என்று கவனித்து, நாளைக்கு வேண்டியதைக் கேட்டுவிட்டு எழுந்துவிடலாம். வீட்டுக்கு எடுத்துச்செல்லத்தக்க ஒரே பயிற்சி என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதற்கு இல்லமும் தேவையில்லை, விடுப்பும் தேவையில்லை.

யாருக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். குழந்தைகளை அழைத்துவர அனுமதி இல்லை. ஆகவே சிறு பிள்ளைகளுள்ள தாய்மார்கள், உண்மையில் ஓய்வு அதிகம் தேவைப்படுவோர், வெளியே நிற்கிறார்கள். கணவன் தியானத்திற்குப் போக மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாகவே பல குடும்பங்களில் இது முடிகிறது. நான் சென்ற தியானத்தில் ஆண்களின் எண்ணிக்கையே அதைக் காட்டியது. மாதம் ஒருமுறையாவது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துப் பெண்களுக்கென்றே ஒரு பகல் தியானம் நடத்தலாம் என்று பலரும் கருத்துத் தாளில் எழுதியதாக அறிந்தேன். மூன்று ஷிப்டில் வேலை செய்பவர்களுக்கு வார விடுமுறை ஞாயிறாக அமைவதில்லை. அவர்கள் செவ்வாய் முதல் வியாழன் வரை எந்த நாளிலும் காலையில் வந்து மாலைவரை தனியாக இருந்துவிட்டுப் போக முன்பதிவு செய்யலாம். அந்த நாட்களில் பேச்சு, வழிகாட்டல் எதுவும் கிடையாது. அறைச் சாவியும் மதியச் சாப்பாடும் மட்டும் தருவார்கள். கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள் நீண்ட மௌனத்தைத் தனியாகத் தாங்க முயலாமல் முதலில் மருத்துவரைப் பார்ப்பதே முறை. சகோதரிகளும் முன்பதிவின்போது உடல்நலம், மருந்துகள் பற்றி விசாரித்தே இடம் தருகிறார்கள்.

முன்பதிவு தொலைபேசியில் மட்டுமே, அதுவும் காலை பத்து மணிக்கு மேல். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வார இறுதிகள் வெகு முன்பாகவே நிரம்பிவிடுகின்றன. மாம்பழப் பருவத்தில் சமையல் அக்காமார் ஆலைகளுக்குப் போய்விடுவதால் அப்போது கூட்டுத் தியானங்களை நிறுத்திவிடுகிறார்கள். தனியாக வருவோருக்கு இடம் உண்டு. அரிசி, பருப்பு, கேழ்வரகு மாவு இல்லத்தில் இருக்கும், காய்கறியை வரும் வழியில் ராயக்கோட்டைச் சந்தையிலோ கிருஷ்ணகிரியிலோ வாங்கி வந்து தாமே சமைத்துக்கொள்ள வேண்டும்.